கஸ்தூரி அவிழ்த்த கயிறு

கயிறு நல்ல கயிறு. யாரோ தூக்கிப் போட்ட வலையின் மேல்விளிம்பிலிருந்து கஸ்தூரி அதை அறுத்து எடுத்தாள். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடந்து கிடந்து நைலானின் முரட்டுத்தனம் போய்ப் பஞ்சுபோல ஆகியிருந்தது. அப்படியும் மனசு கேட்காமல், குழந்தையின் இடுப்பைச் சுற்றி வருகிற இடத்தில் பழைய புடவைத் துணியைச் சுருட்டி வைத்துத் தைத்தாள். முடிச்சு முதுகுப் பக்கம் வரும். குழந்தையின் கை எட்டாது. மறுமுனை வாசலில் நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில். அளவு பார்த்துத்தான் வெட்டினாள். நிழல் எட்ட வேண்டும். தண்ணீர்ச் சொம்பு எட்ட வேண்டும். அடுப்பு எட்டக் கூடாது. ஏரி எட்டவே கூடாது.

வினோதினிக்குப் பதினாலு மாதம் ஆனபோது கட்டிய கயிறு அது. நாலரை வயதிலும் அவள் இடுப்பில் இருந்தது.

இந்த இடத்தில் முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கஸ்தூரியின் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு, அப்புறம் சுளித்துக்கொள்ளலாம்.

பழவேற்காட்டில் பேருந்து வந்து நிற்கிற இடத்திலிருந்து ஏரிக்கரையோரமாக இரண்டு மைல் நடந்தால் பதினேழு தொகுப்பு வீடுகள் வரும். அங்கே ஆணும் பெண்ணும் ஏரியில் இறங்கிக் கையால் இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். படகு கிடையாது, வலை கிடையாது. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஏரியில் ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். பாடு வலைக்காரர்களுக்கு. கைக்காரர்களுக்கு மற்றவர்கள் விட்ட ஓரம்தான்.

வேலை இப்படி. ஓலையில் முடைந்த பறி என்கிற கூடையின் வாரைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் தண்ணீர் என்றால் குனிய வேண்டும், அதற்கும் குறைவு என்றால் தவழ வேண்டும். இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போனால் விரலில் இறால் முட்டும். அமுக்கிப் பிடித்து, வாய்க்குக் கீழே தொங்கும் பறியில் போட வேண்டும். கை இரண்டும் சேற்றில், வாய் பறியில், கண் தண்ணீரில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருப்பது எது?

பால்வாடி ஒன்று இருக்கிறது, ஒரு மைல் தள்ளி. பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மேல் மூடும். ஏரித் தண்ணீர் கடிகாரம் பார்த்து வற்றுவதில்லை. காற்று திரும்பினால் விடியற்காலை ஐந்து மணிக்கும் இறங்க வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்கும் இறங்க வேண்டும்.

கஸ்தூரிக்கு முதல் பிள்ளை பிரசாந்த். இரண்டரை வயது. ஐப்பசி மாதம் ஒரு நாள் கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தான். இருபது அடி தூரத்தில் கஸ்தூரியோடு சேர்த்து நாலு பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முதுகும் கரைப் பக்கம். கஸ்தூரி திரும்பியபோது அவன் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். அவன் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. எழுந்து நின்றிருந்தால் பிழைத்திருப்பான். கத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பல்லில் பறி இருந்தது. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும், விழுந்தால் விழட்டும் என்பது அந்த நொடியில் அவளுக்குப் புரியவில்லை. பறியைக் கடித்தபடியே ஓடினாள். சத்தமில்லாமல் ஓடினாள்.

ஆக, இரண்டாவது பிள்ளைக்குக் கயிறு. முனியன், அவள் புருஷன், அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கம்பத்தை ஆழமாக நட்டுக் கொடுத்தவனே அவன்தான்.

*

தை மாதம் பால்வாடி கீதா டீச்சர் கணக்கெடுப்புக்கு வந்தாள். "ஜூன்ல இந்தப் பொண்ணு ஒண்ணாவது போவணும். இன்னும் பால்வாடி வாசப்படியையே மிதிக்கல. நாளைலேர்ந்து கொண்டாந்து வுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கஸ்தூரியும் கொண்டுபோய் விட்டாள். தண்ணீர் நேரம் ஒத்துவந்து, விட முடிந்த நாட்களில் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து கீதா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத கஸ்தூரி. கிரயான் குடுத்தா கையில நிக்காம கீழ வுழுது. உக்கார வச்சா அஞ்சு நிமிஷத்துல முதுகு வளைஞ்சி சாயுது. ஒரு படி ஏற மாட்டேங்குது. எல்லாப் புள்ளையும் குதிச்சிப் பாடினா, இது போயி தூணைப் புடிச்சினு நிக்குது."

"வூட்டாண்ட பேசும் டீச்சர்."

"இன்னா பேசும்?"

கஸ்தூரி யோசித்தாள். தண்ணி. சோறு. நைனா. யம்மா வா. அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இன்னொண்ணு கேளு" என்றாள் கீதா. "கூடத்து நடுவுல வுட்டா நாலு எட்டு நடக்குது. டக்குனு நிக்குது. திரும்பிடுது. பத்து தடவை வுட்டுப் பார்த்தேன். நாலுதான். அஞ்சாவது எட்டு வைக்கவே மாட்டேங்குது. எனக்கே பயமாப் பூட்ச்சி."

கீதாவுக்கு விளங்காதது கஸ்தூரிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வாசல் கம்பத்திலிருந்து நாலு எட்டு. அவள் கையால் அளந்து வெட்டிய நாலு எட்டு.



"அந்த மாதிரி புள்ளைங்களுக்குனு டவுன்ல ஸ்கூல் கீது" என்று கீதா தொடர்ந்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒருத்தியாக மேய்க்கிறவள் அவள். "ஹாஸ்டல்ல வுட்டுடலாம். செவ்வாக்கெழமை சோபியா மேடம் வருவாங்க, பார்த்து எழுதிக் குடுப்பாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் கஸ்தூரியின் காதில் இருந்தது. ஹாஸ்டல். ஒரு பிள்ளையை ஏரி கொண்டுபோயிற்று. இன்னொன்றை டவுன் கொண்டுபோகப் போகிறது.

*

சோபியா அரசாங்கத்துச் சிறப்பு ஆசிரியை. வாரம் ஒரு நாள் இந்தப் பக்கம் வருவாள். பால்வாடியில் வினோதினியைப் பார்த்தாள், நாலு எட்டையும் பார்த்தாள். ஒன்றும் எழுதவில்லை. "இவங்க வீட்டைப் பார்க்கணும்" என்றாள்.

அவள் ஸ்கூட்டர் மணலில் புதைந்து, அதை நிறுத்திவிட்டு நடந்து வருவதற்குள் கஸ்தூரிக்கு நேரம் இருந்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டாள். வாசலைக் கூட்டினாள். ஆனால் கூட்டினால் போகிற விஷயமா அது? கம்பத்தைச் சுற்றி, மூன்று வருஷமாக இரண்டு பிஞ்சுக் கால் நடந்து நடந்து, மணலில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. தட்டுப் போல வழவழவென்று. வட்டத்துக்கு வெளியே புல்லும் முள்ளும். உள்ளே ஒரு புல் இல்லை.

சோபியா அந்த வட்டத்தின் விளிம்பில் வந்து நின்றாள்.

"இது என்ன கஸ்தூரி?"

"கோழி கட்டுவேன் மேடம்."

பக்கத்து வீட்டு வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்த குப்பம்மா தலையைத் தூக்கினாள். அவளுக்கு வாய் நீளம். "கோழியா? உன் வூட்ல ஏதுடி கோழி? போன தீவாளிக்கு எங்கூட்டுக் கோழியத்தான நீ தின்ன!"

கஸ்தூரிக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது.

"ஆமா, கட்டுனேன். எம் புள்ளைய நான்தான் கட்டுனேன். இன்னான்ற இப்ப? எழுதிக்க. போலீசாண்ட வேணாலும் குடு. ஒண்ணைத் தூக்கிக் குடுத்தவ நான். எனக்கு இது உசுரோட வேணும். படிக்காங்காட்டி போவுது, வூட்ல குந்தினு துன்னட்டும்."

"நான் திட்ட வரல."

"அப்ப ஏரிய நீ கட்டி வையி. நான் கயித்த அவுத்துடறேன்."

சோபியா மணலிலேயே உட்கார்ந்தாள். ஏரியைப் பார்த்தாள். அது நாற்பது எட்டு தூரத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தது. "ஏரிக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கஸ்தூரி அவளைத் துரத்தவில்லை. வருகிறவர்கள் எல்லாம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள். இவளிடம் இல்லை.

"ஆனா கீதா நினைக்கிற மாதிரி இவளுக்கு மூளை மந்தம்னு எனக்குத் தோணல" என்றாள் சோபியா. "கயிறு எட்டுற வரைக்கும் இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எந்தக் கல்லு எங்க இருக்கு, எறும்பு எங்க வரும், நிழல் எங்க நகரும். அதுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்க வாய்ப்பே கிடைக்கல. புள்ளைங்க ஓடும்போது, ஏறும்போது, விழுந்து எழுந்திருக்கும்போது சும்மா விளையாடலீங்க. மூளை வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எதுக்கு அப்புறம் எது. எண்ணு, எழுத்து எல்லாம் அது மேலதான் நிக்கும். முதுகு நிமிர்ந்தாதான் தோள் நிக்கும். தோள் நின்னாதான் விரல் பென்சில் பிடிக்கும். இவ முதுகு எதையும் தூக்கினதில்ல, கை எதையும் ஊன்றினதில்ல."

"ஊணாதா?"

"கீழ விழுந்தா கை ஊன்றாளா? பார்த்திருக்கீங்களா?"

கஸ்தூரி யோசித்தாள். வினோதினி விழுந்து அவள் பார்த்ததில்லை. கயிற்றுக்குள் விழுவதற்கு என்ன இருக்கிறது? பிரசாந்தை நினைத்தாள். அவன் கை ஊன்றினானா என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

*

அடுத்து கஸ்தூரி செய்தது ஒரு முட்டாள்தனம். கயிற்றை நீட்டினாள். பழைய கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து, நாலு எட்டைப் பன்னிரண்டாக்கினாள். ஓடு என்றாள். வினோதினி நாலு எட்டு நடந்தாள், நின்றாள், திரும்பினாள். மிச்சக் கயிறு மணலில் பாம்பு போல அப்படியே கிடந்தது.

ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த முனியன் சொன்னான்: "கயிறு நீண்டா கால் நீண்டுடுமாமே? அது கயித்தப் பார்த்து நிக்கல. உன்னைப் பார்த்து நிக்குது."

"அப்ப நீ வந்து பார்த்துக்க. நான் நண்டுக்குப் போறேன்."

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப?" என்று அவன் பீடியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஆனால் அவன் சொன்னது அவளைக் குடைந்தது.

மாசி கடைசியில் தண்ணீர் இறங்கி, கரையோரம் கணுக்கால் அளவுக்கு வந்தது. ஒரு நாள் காலையில் கஸ்தூரி கம்பத்து முனையை அவிழ்த்தாள். அவிழ்த்த முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். இந்த முனையில் பிள்ளை, அந்த முனையில் தாய். பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள். நாலாவது எட்டில் வினோதினி நின்றாள். இடுப்பிலிருந்த கயிறு இழுத்ததால் ஐந்தாவது எட்டு வைத்தாள். அம்மா நடக்க நடக்க, அவளும் வந்தாள்.

தண்ணீரில் உட்கார வைத்ததும் ஊரைக் கூட்டுகிற கத்தல் கத்தினாள்.

"இன்னாமே, மாடு குளிப்பாட்டுறியா?" என்று தூரத்திலிருந்து குப்பம்மா சத்தம் கொடுத்தாள். "கெளுத்தி முள்ளு கீதுடி, உஷாரு!"

குழந்தைக்கு முன்னால் கஸ்தூரியே மண்டி போட்டுத் தவழ்ந்தாள். பறியைப் பல்லில் கடித்தாள், கையைச் சேற்றில் விட்டாள். பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், அதைச் செய்தாள். ஒரு மட்டிச் சிப்பி கிடைத்தது. வினோதினியின் கையைப் பிடித்துச் சேற்றுக்குள் இழுத்து, சிப்பியை அவள் விரலிலேயே தட்டுப்படவிட்டாள். கத்தல் நின்றது.

"ஒண்ணு" என்றாள் கஸ்தூரி.

குழந்தை தன் கையைத் தானே மறுபடி சேற்றில் விட்டாள். கை ஆழமாகப் போனதும் உடம்பு சாய்ந்தது. சாயாமல் இருக்க மற்றக் கையை ஊன்றினாள். கயிறு கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக ஊன்றினாள். கை நடுங்கியது. ஊன்றிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றிலிருந்து தண்ணீர் குறைவான நாளெல்லாம் கூட்டிப் போனாள். வினோதினிக்கென்று ஒரு சின்னப் பறி முடைந்து கொடுத்தாள். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்மா பின்னாலேயே தவழ்வாள். ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் சிப்பியாகக் கைக்கு வந்து, கையிலிருந்து வாய்க்கு வந்தது. வழுக்குகிற சேற்றில் நிற்பதற்கே உடம்பு முழுக்கக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

பங்குனியில் ஒரு நாள். கஸ்தூரி இறால் தடவிக்கொண்டிருக்கிறாள். இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. திரும்பினாள். கயிறு விறைத்து நின்றது. அந்த முனையில் வினோதினி, ஒரு குட்டி நண்டைத் துரத்திக்கொண்டு, முழு பலத்தோடு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கயிறு ஒரு தடவைகூட அந்தப் பக்கமிருந்து இழுபட்டதில்லை.

கஸ்தூரி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள் என்று குப்பம்மா சொல்கிறாள். அழுதாள் என்று திவ்யா சொல்கிறாள். திவ்யாவும் அந்தத் தொகுப்பு வீட்டுக்காரிதான், அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி, கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

*

சந்தோஷம் ஒரு பக்கம். பறி காலி. பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு பிடித்தால் பாதி இறால்கூடத் தேறாது. ஆழத்துக்குப் போகவே முடியாது. விட்டுவிட்டுப் போனால் மறுபடி கம்பம்தான்.

ஆறு பெண்கள் சேர்ந்து இறங்குகிற கூட்டம் அவர்களுடையது. ஆறு பேருக்கும் சேர்த்து ஏழு சின்னப் பிள்ளைகள். ஒரு நாள் கரையில் இறாலைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கஸ்தூரி சொன்னாள்:

"நாள் ஒருத்தி கரையில நில்லுங்க. எல்லாப் புள்ளையையும் ஒருத்தி பார்த்துக்கட்டும். மத்த அஞ்சு பேர் எறங்கலாம். ஆளுக்கு ரெண்டு கை எறா கரையில நின்னவளுக்கு."

"இன்னாது?" என்றாள் குப்பம்மா. "குந்தினு இருக்கிறவளுக்கு எறாவா? நல்லா கீதுமே உன் நாயம்."

"படகுக்காரங்க பங்கு பிரிக்கச் சொல்லோ படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுக்கிறாங்க இல்ல? படகு இன்னா, தண்ணில முழுவி எறா புடிச்சுதா?"

ஒருத்தி சிரித்தாள். குப்பம்மா சிரிக்கவில்லை.

"அவங்களுக்குப் பாடு கீது. நமக்கு இன்னா கீது?"

"அதான் சொல்றேன்கா. நமக்கும் ஒரு பாடு. இன்னிக்கு நீ கரை, நாளைக்கு நான்."

"எம் புள்ளைங்க பெருசாயிட்ச்சி. நான் எதுக்குடி குடுக்கணும்?"

கஸ்தூரி இறாலைப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அன்னிக்கு பிரசாந்தப் பார்க்க ஒருத்தி கரையில இருந்திருந்தா, நான் முழுப் பறியையும் குடுத்திருப்பேன்கா."

பிரசாந்த் போன நாளில் தண்ணீரில் இருந்த அந்த நாலு பேரில் குப்பம்மாவும் ஒருத்தி. அவள் முதுகும் அன்று கரைப் பக்கம்தான் இருந்தது.

"சரிடி, சரிடி" என்றாள் குப்பம்மா. "நாளைக்கு நானே மொதல்ல நிக்கிறேன். உன்னோட பேஜார்."

ஆறு பெண்கள் பேசி முடித்தார்கள். ஒரு கையெழுத்து இல்லை, ஒரு அதிகாரி இல்லை. அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலை இது. தண்ணீருக்கேற்ற நேரத்தில் திறக்கிற ஒரு பால்வாடி இருந்திருந்தால் இந்த இரண்டு கை இறாலுக்கு அவசியமே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

மறுநாள் குப்பம்மா கரையில் நின்றாள். கஸ்தூரி வினோதினியைக் கொண்டுவந்து விட்டாள். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் கவிழ்த்துப் போட்டிருந்த ஓட்டைப் படகில் கட்டினாள்.

"இன்னா இது?"

"சும்மாக்கா. ஒரு தைரியத்துக்கு."

"என்னை நம்பல."

"உன்னை நம்பறேன்கா. தண்ணிய நம்பல."

"அப்ப எதுக்குடி எனக்கு ரெண்டு கை எறா? படகுக்கே குடுத்துடு" என்று சொல்லிவிட்டுக் குப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு நாள் இப்படியே போயிற்று. மற்ற ஆறு பிள்ளைகளும் கவிழ்த்த படகின் மேல் ஏறுவார்கள், குதிப்பார்கள், சிப்பியில் தண்ணீர் மொண்டு சிந்தாமல் ஓடுவார்கள். வினோதினி கயிற்றின் நுனியில் நின்று, கயிற்றை இழுத்து இழுத்து, "யம்மா, அவுறு. யம்மா, அவுறு" என்றாள். பால்வாடியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் வார்த்தை வந்துவிட்டது.

ஏழாம் நாள், முறை சுற்றி மறுபடி குப்பம்மா கரையில் நின்றபோது, கஸ்தூரி அவிழ்த்தாள். முடிச்சு உப்பில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

அன்று அவள் வேலை செய்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு தடவல், ஒரு திரும்பல். பத்து இறால் தேறவில்லை. வெயில் ஏறியபோது ஒரு தடவை திரும்பினாள். வினோதினி படகிலிருந்து குதித்து, யாரையோ துரத்திக்கொண்டு தண்ணீரோரம் ஓடி, வழுக்கி, முகம் குப்புற விழுந்தாள். தண்ணீருக்குள்.

கஸ்தூரி வாயைத் திறந்தாள். பறி விழுந்தது. பிடித்த இறால் எல்லாம் தண்ணீரில் போயிற்று. "அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் கிளம்பின. ஓடினாள். சேறு காலைப் பிடித்தது. விழுந்து எழுந்து ஓடினாள்.

அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கை சேற்றில் ஊன்றுவது தெரிந்தது. முதலில் பின்புறம் மேலே வந்தது. அப்புறம் தலை. முழங்கால். வினோதினி எழுந்து நின்றாள். இருமினாள், துப்பினாள், மூக்கைத் துடைத்தாள். பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், குப்பம்மா இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். பிள்ளையைத் தொடவில்லை.

"தூக்கத்தான் வந்தேன்" என்றாள் குப்பம்மா. "அதுக்குள்ள அதுவே ஏந்திரிச்சிட்ச்சிடி."

வினோதினி அம்மாவைப் பார்த்தாள். கஸ்தூரியின் தலைமுதல் கால்வரை சேறு. "யம்மா வுழுந்துட்ச்சி" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபடி படகின் பக்கம் ஓடினாள்.

பிள்ளைக்குக் கை ஊன்றத் தெரிந்ததால் பிழைத்தாள் என்று சொல்லலாம். கை எட்டுகிற தூரத்தில் ஒருத்தி நின்றதால் பயமில்லை என்றும் சொல்லலாம். இதில் ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

*

மே மாதக் கடைசியில் சோபியா பால்வாடியில் வினோதினியைப் பார்த்தாள். பெயர் கேட்டாள், வினோதினி சொன்னாள். கிரயான் கொடுத்தாள், பிள்ளை ஐந்து விரலாலும் முரட்டுத்தனமாகப் பிடித்து, காகிதம் கிழிகிற மாதிரி கிறுக்கினாள். ஆனால் விடவில்லை. எண்ணச் சொன்னாள். உட்கார்ந்து எண்ண அவளுக்கு வரவில்லை. எழுந்து, கூடத்துத் தரையில் ஒவ்வொரு சதுரமாகக் குதித்துக் குதித்து எண்ணினாள். ஆறுக்கு அப்புறம் எட்டு. ஏழு ஒவ்வொரு தடவையும் காணாமல் போயிற்று. பத்தாவது சதுரத்தில் நின்றாள். நாலாவதில் நிற்கவில்லை என்பதைக் கீதாதான் முதலில் கவனித்தாள்.

"மத்த புள்ளைங்களை விட இன்னும் பின்னாலதான் இருக்கா" என்று சோபியா ஒளிக்காமல் சொன்னாள். "பேச்சு வரணும், விரல் பழகணும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். நான் செவ்வாக்கிழமை வந்துக்கிட்டேதான் இருப்பேன்."

"ஹாஸ்டல் மேடம்?"

"எதுக்கு ஹாஸ்டல்? இங்க, எல்லாப் புள்ளைங்களோடயும் ஒண்ணாவது."

கஸ்தூரி தலையை ஆட்டினாள். நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பதிலாக, "ஏழு வரலியே மேடம்" என்றாள்.

ஜூலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். கஸ்தூரி பறியைக் கரையில் போட்டுவிட்டு ஓடிப்போய் நின்றாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பொரிந்து தள்ளினாள். "உங்க பொண்ணு ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறா. பெஞ்சு மேல ஏறுறா. வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுறா. கொஞ்சம் அடக்கி வைங்க!"

கஸ்தூரி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. டீச்சருக்கு முகம் சிவந்தது.

"நான் என்ன ஜோக்கா சொல்றேன்?"

"இல்ல டீச்சர். கோச்சுக்காத. அந்தக் கோடிக்கும் ஓடுதா?"

"ஓடுறான்றேன்ல!"

"கொஞ்சம் ஓட வுட்டு அப்பால உக்கார வையி டீச்சர். குந்தும். கால்ல எண்ணினாத்தான் அதுக்கு வாயில வருது."

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது வாசலில் திவ்யா காத்திருந்தாள். பிறந்த பிள்ளை அவள் வீட்டுத் தொட்டிலில். அவள் வந்தது பெரியதுக்காக, இப்போதுதான் நடக்கப் பழகி ஏரிப்பக்கமே ஓடுகிற ஒன்றே கால் வயதுப் பயலுக்கு. இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் முகம் வற்றிப்போயிருந்தது.

"யக்கா, உன்னாண்ட ஒரு நல்ல கயிறு கீதே. மெத்துனு. அதைக் குடுக்கா. நாலு நாளைக்கு."

கம்பம் இன்னும் வாசலில் நின்றது. வட்டத்தின் விளிம்பில் புல் கொஞ்சம் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. கயிறு மறுபடி அரிசிப் பானைக்குப் பின்னாலேயே சுருண்டு கிடந்தது. அது எத்தனை மெத்து என்று கஸ்தூரிக்குத் தெரியும். திவ்யாவின் பயம் எத்தனை பெரியது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அவளைத் திட்டவில்லை.

"கயிறு தர மாட்டேன்" என்றாள். "நாளைக்கு என் கரை. பையனை இட்டுனு வா."

"நாளைக்கு நீ பார்த்துப்ப. நாளன்னிக்கு?"

"நாளன்னிக்கு நீ."